பள்ளிக்கு வராத பிள்ளையும் படுக்கையில் இருக்கும் பெற்றோரும்

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவர் அடிக்கடி வகுப்புக்கு வராமற்போனால், ‘மட்டம் போடுகிறான்’ என்று சொல்லி நாம் விசாரணையை முடித்துவிடுகிறோம். அந்தச் சொல் குற்றம் முழுவதையும் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறது. சோம்பல், தீய சேர்க்கை, கைப்பேசி எனக் காரணங்களையும் நாமே அடுக்கிக்கொள்கிறோம். அந்தப் பிள்ளை அன்றைய பொழுதில் எங்கே இருந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. மருத்துவமனையில் பணியாற்றுவோருக்கு அதற்கான விடையில் ஒரு பகுதி தெரியும். பள்ளி வேலை நாளின் முற்பகலில் நோயாளியின் கட்டிலருகே கஞ்சிப் பாத்திரத்துடன் நிற்பவர்களிலும், மருந்து வழங்கும் வரிசையில் சீட்டுடன் காத்திருப்பவர்களிலும், ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவ்விதழை வாசிப்போர் நோயாளிகளும் அவர்களைப் பேணுவோருமே. ஆகவே மற்ற எவரையும்விட உங்களிடமே இதைப் பேசுவது பொருத்தம் என்று கருதுகிறோம். எங்கள் கருத்து இதுதான்: வீட்டில் பெரியவர் ஒருவர் கடும் நோயுற்றால், அன்றே அவ்வீட்டுப் பிள்ளையின் படிப்பும் ஆபத்துக்கு உள்ளாகிறது. அதைக் காப்பது சிகிச்சைக்குப் புறம்பான செயலன்று. சிகிச்சையோடு சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டியது. அந்தப் பொறுப்பில் குடும்பத்துக்கும் பள்ளிக்கும் உள்ளதைப் போலவே மருத்துவமனைக்கும் பங்குண்டு.

இந்த ஆபத்து ஏன் உயர்நிலை வகுப்புகளில் கூர்மையடைகிறது? ஏழு வயதுப் பிள்ளையை நோயாளிக்குத் துணையாக எவரும் அனுப்புவதில்லை. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையோ தாயைத் தாங்கிப் பிடித்து நடத்திச் செல்லும், தனியே பேருந்தேறும், சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கும், செவிலியர் சொல்வதைக் கேட்டு வந்து வீட்டில் சொல்லும். எழுத்தறியாத பெரியவர்கள் உள்ள வீட்டில் மருத்துவமனைக்கு ஏற்ற ஆள் அந்தப் பிள்ளையாகவே இருந்துவிடுகிறது. சட்டத்தின் பிடியும் அதே வயதில்தான் தளர்கிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கே உரியது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. 14 முதல் 18 வரையிலானோரை ஆபத்தான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்குகிறது. வீட்டுக்கு அதிகம் தேவைப்படும் வயதும், சட்டம் கைவிடும் வயதும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்களின் நிலையையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். மழையை நம்பிய கண்மாய்ப் பாசனம், கல் குவாரி, கடல் தொழில் ஆகியவற்றில் வாழும் குடும்பங்கள் பல. ஆண்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போன வீடுகளும் நிறைய. அத்தகைய வீட்டில் தாய் படுத்துவிட்டால், அடுத்த பெரியவர் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள்தான். கீரமங்கலம் வட்டாரத்தில் பூ பறிக்கும் வேலை விடியுமுன் தொடங்குகிறது. அம்மா பறிக்க இயலாத நாளில் அந்தக் கூலியை இழக்க வீடு விரும்புவதில்லை. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கடலுக்குப் போன தந்தை இலங்கைக் கடற்படையினரால் பிடிக்கப்பட்டால், அவர் விடுதலையாகித் திரும்பும்வரை வீட்டின் வருவாய் நின்றுபோகிறது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் இம்மாவட்டத்தில் எத்தனையோ தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஒரு தென்னை காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருவாய் இழப்பு, கடன், நோய் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் பிள்ளையின் பள்ளிப் பை ஆணியில் தொங்குகிறது.

சிகிச்சையின் கணக்கைப் பார்ப்போம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் பெரும்பாலும் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். அறந்தாங்கிக்கு அப்பாலுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து வருவோர்க்குப் பேருந்துப் பயணத்தையும் சேர்த்தால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். ஒவ்வொரு முறையும் மகனே துணைக்கு வந்தால், வாரத்தின் ஐந்து பள்ளி நாட்களில் இரண்டு நாட்கள் இல்லாமற்போகின்றன. புற்றுநோய்க்கான கதிரியக்கச் சிகிச்சை வழக்கமாக வாரத்தில் ஐந்து நாட்கள் எனப் பல வாரங்கள் தொடரும். காசநோய்க்கு மருந்து குறைந்தது ஆறு மாதம். நோய் நீளும்போது, ‘இரண்டு நாள் லீவுதானே’ என்று தொடங்கியது ஒரு பருவத்தையே விழுங்கிவிடுகிறது.

விடுபட்ட நாட்கள் தாமாகப் பெருகும் இயல்புடையவை. ஒரு வாரம் போகாத பிள்ளைக்கு அடுத்த வாரத்துக் கணக்கு புரிவதில்லை. புரியாததை மறைக்க வாய் திறக்காமல் அமர்ந்திருக்கிறது. வீட்டுப் பாடம் முடிக்காததற்காக எல்லார் முன்னிலையிலும் நிறுத்தப்படுகிறது. ‘உங்கள் வீட்டில் யாருக்கு என்ன?’ என்று வகுப்பில் கேட்கப்பட்டால், தந்தையின் குடியையோ தாயின் நோயையோ சொல்லக் கூசுகிறது. அடுத்த முறை வீட்டில் தேவை இல்லாத நாளிலும் பள்ளிக்குப் போவதில்லை. தேவையினால் தொடங்கிய விடுப்பு அச்சத்தினால் நிலைபெறுகிறது. ஊரார் ‘மட்டம்’ என்று காண்பது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாளன்று, தமிழ்த் தேர்வுக்கு 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே திடுக்கிட வைத்தது. அத்தனை பேரும் அன்று காலையில்தான் பள்ளியை விட்டு விலகியிருப்பார்கள் என்று எண்ண இயலுமா? அவர்களில் பலரது இருக்கை அதற்கு வெகு முன்பே காலியாகியிருக்கும். பெயர் மட்டுமே பதிவேட்டில் தங்கியிருக்கும்.

பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் இந்த வழி வெவ்வேறு இடங்களில் முடிகிறது. மகள் சமையலையும் தம்பி தங்கையரையும் ஏற்றுக்கொள்கிறாள். படிப்பு நின்ற ஓராண்டிலேயே, ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்’ என்று திருமணப் பேச்சு எழுகிறது. 18 வயதுக்கு முன் திருமணம் செய்வது குற்றம் என்பதும் அப்போது மறக்கப்படுகிறது. மகன் பட்டறைக்கோ சுமை தூக்கவோ போகிறான். கையில் கூலியைப் பார்த்தபின் திரும்பி வந்து வகுப்பில் அமர்வது அவனுக்கு எளிதன்று. தந்தை குடிப்பவராக இருந்தால் மற்றொரு காரணமும் சேர்கிறது: தாயைத் தனியே விட்டுச் செல்ல அஞ்சியே பிள்ளை வீட்டில் தங்குகிறது. குடிக்கு அடிமையாவது சிகிச்சை தேவைப்படும் நோய். மனநலப் பிரிவில் அதற்கு மருத்துவம் உண்டு. அந்தச் சிகிச்சைக்கு ஒரு தந்தை வருவது, அவர் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கும் செய்யும் உதவியாகும்.

சில வேளைகளில் நோய் பிள்ளைக்கே இருக்கலாம். பள்ளி நாட்களின் காலையில் வயிற்றுவலி, தலைவலி, விடுமுறையில் ஒன்றுமில்லை. இதை நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மன அழுத்தம் உடல்வலியாகவே வெளிப்படக்கூடும். அந்த வலி உண்மையானது. முதலில் மருத்துவரிடம் காட்டி உடல்நோய் உண்டா என்று அறியுங்கள்; இல்லையெனில் பள்ளியில் என்ன நிகழ்கிறது என்று கேளுங்கள். வளரும் பெண் பிள்ளைகளின் சோர்வுக்கு இரத்தசோகை காரணமாக இருக்கலாம். மாதவிடாய் நாட்களின் கடும் வலிக்கும் மருத்துவம் உண்டு. காரணம் பள்ளியிலேயே இருப்பதும் உண்டு. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் வீடு புகுந்து வெட்டப்பட்ட மாணவர், சாதியின் பெயரால் உடன் படிப்போர் தந்த தொல்லை தாளாமல் அதற்கு முன்பே பள்ளிக்குப் போகாமல் இருந்தார். அங்கே பள்ளிக்கு வராமை ஓர் எச்சரிக்கையாக இருந்தது. பிள்ளையின் விடுப்பைத் தண்டிக்கு முன் அதன் காரணத்தைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

குடும்பப் பின்னணியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பின்னணி என்பது தலைவிதி அன்று. எளிய வீடுகளிலிருந்து ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. வசதியான வீட்டில் எவரும் கவனியாததால் படிப்பை விட்டவர்களும் உண்டு. இதற்கு நம் ஊரிலேயே பெரும் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பருவமெய்தியபின் அக்கால வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். ஆனால் படிப்பு நிற்கவில்லை. கல்வியாளரான தந்தை நாராயணசாமி அவரை வீட்டிலேயே பயிலச் செய்தார். மன்னர் கல்லூரியில் சேர முயன்றபோது, பெண் என்பதையும் அவருடைய தாய் சந்திரம்மாளின் தேவதாசி மரபையும் சுட்டிப் பிறர் எதிர்த்தனர். எதிர்ப்பை மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு இடமளித்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்து, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். பள்ளிக் கதவு மூடியபோது வீட்டில் ஒருவர் கற்பித்தார். கல்லூரிக் கதவு மூடப்படவிருந்தபோது அதிகாரம் உடைய ஒருவர் திறந்தார். அவருடைய அறிவும் உறுதியும் பெரியவை. ஆயினும் அந்த இருவரும் இல்லையென்றால் அவை எங்கே போயிருக்கும்? நம் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படி இருவர் தேவை.

‘பெற்றவள் படுத்திருக்கும்போது பள்ளிக்கூடம் ஒரு கேடா? தாய்க்குச் செய்யாத படிப்பு எதற்கு?’ என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வியில் உள்ள பாசத்தை நாங்கள் மதிக்கிறோம். நோயுற்ற பெற்றோருக்கு உதவுவதிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்ளும் பரிவை எந்தப் பாடநூலும் தராது. மாலையில் வந்து அருகில் அமர்வதும், தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும், செய்தித்தாள் படித்துக் காட்டுவதும் பிள்ளை செய்யத் தக்க தொண்டு. இரவெல்லாம் விழித்திருப்பதும், சிறுநீர்ப் பையை மாற்றுவதும், கடன் கேட்டு அலைவதும், மருத்துவர் சொல்லும் அச்சமூட்டும் செய்தியைத் தனியே வாங்கிக்கொள்வதும் பெரியவர்களின் வேலை. எங்களுக்குத் தெரிந்தவரை, பெரும்பாலான நோயாளிகள் தம் பிள்ளையின் படிப்பைத் தமக்காகப் பலியிட விரும்புவதில்லை. கேட்க எவரும் இல்லாததாலேயே வாய் மூடிக் கிடக்கிறார்கள்.

பிற நாடுகள் இத்தகைய பிள்ளைகளைத் தனியே கணக்கில் எடுக்கத் தொடங்கிவிட்டன. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வீட்டில் நோயாளியைப் பேணும் பிள்ளையின் தேவைகளை ஆராயும் கடமையை உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளித்தது. ஜப்பான் அரசு 2021இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நம் எட்டாம் வகுப்புக்கு இணையான வகுப்பில் ஏறத்தாழ 17 மாணவர்களில் ஒருவர் குடும்பத்தினர் ஒருவரைப் பேணுவதாகக் கூறினர். வளம் மிக்க நாட்டிலேயே ஒரு வகுப்புக்கு ஓரிருவர் என்றால், நம் ஊர்களில் நிலை என்னவாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, குடும்பங்கள் செய்யக் கூடியவை. நோயாளி வார்டில் சேர்க்கப்பட்ட அன்றோ மறுநாளோ வகுப்பாசிரியருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள். நோயின் பெயரைச் சொல்ல விருப்பமில்லையெனில், ‘வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார்’ என்பதே போதும். காரணம் அறிந்த ஆசிரியர் பிள்ளையைப் பார்க்கும் பார்வையே மாறும். துணையிருப்போரின் பட்டியல் ஒன்றை எழுதுங்கள்: சித்தி, மாமா, அண்டை வீட்டார் என யார், எந்த நாள், எந்த நேரம். அதில் பள்ளி நேரத்தில் பிள்ளையின் பெயர் வரவேண்டாம். உதவி கேட்பதில் இழிவு இல்லை, ‘ஏதாவது வேண்டுமா?’ என்று கேட்கும் உறவினரிடம், ‘செவ்வாய்க்கிழமை பகல் மட்டும் அம்மாவோடு இருங்கள்’ என்று திட்டமாகச் சொன்னால் அவருக்கும் செய்வது எளிது. மறுபரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது, பிள்ளைதான் துணைக்கு வரவேண்டும் என்ற நிலை இருந்தால், அதை மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். இயன்ற இடங்களில் சனிக்கிழமையோ பள்ளி விடுமுறை நாளோ பார்த்துத் தரலாம்.

நீண்ட விடுப்புக்குப் பின் பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் முதல் நாள் மிகக் கடினமானது. அன்று பெரியவர் ஒருவர் உடன் செல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றைக் கொண்டு செல்வது விடுப்புக்குக் காரணம் காட்ட உதவும். விடுபட்ட பாடங்களின் குறிப்பேடுகளை உடன்படிப்பவரிடமிருந்து பெற ஆசிரியரின் உதவியைக் கேளுங்கள். பொதுத்தேர்வு எழுத முடியாமற்போனால் அதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். துணைத்தேர்வு அதே ஆண்டிலேயே நடத்தப்படுகிறது.

உதவிகள் சிலவற்றையும் அறிந்திருப்பது நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு நோய்களுக்கான மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும், படுக்கையில் இருப்போருக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. மாத்திரை வாங்குவதற்காகப் பிள்ளை இழக்கும் ஒரு நாளை இது மீட்டுத் தரும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் பேண இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் அளிக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதைக் கேட்டறியலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் ‘புதுமைப் பெண்’, மாணவருக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ ஆகிய திட்டங்களின்வழி மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இடையில் படிப்பை விட்டால் அதுவும் கைநழுவும். கல்வி தொடர்பான ஐயங்களுக்கு 14417, துன்பத்தில் உள்ள பிள்ளைகளுக்கு 1098 ஆகிய எண்களை அழைக்கலாம்.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியதையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை ஒருபக்கச் சார்பாகிவிடும். வார்டில் சேர்க்கும்போது வயது, முகவரி, ஒவ்வாமை எனப் பலவற்றைக் கேட்கிறோம். ‘வீட்டில் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உண்டா? இப்போது அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும். துணைக்குப் பிள்ளை மட்டுமே வந்திருந்தால், சமூகப் பணியாளரோ செவிலியரோ அந்தக் குடும்பத்துடன் அமர்ந்து மாற்று வழி காண வேண்டும். ஒரே நாளில் முடிக்கக்கூடிய பரிசோதனைகளுக்காக மூன்று நாட்கள் அலைய விடலாகாது. பெரியவர்களிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பலாகாது.

பள்ளிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மூன்று நாட்கள் வராத மாணவரின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும். ஒரு வாரம் கடந்தால் ஆசிரியர் ஒருவர் நேரில் போகட்டும். திரும்பி வந்த பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது வீட்டுப் பாடத்தையன்று, ‘வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?’ என்பதையே. அதையும் தனியே அழைத்துக் கேட்க வேண்டும்.

இவை நடக்கக் கூடியவையா என்று ஐயுறுவோருக்கு இம்மாவட்டத்தின் வரலாறே விடை. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், குவாரித் தொழிலாளர் முதல் செவிலியர் வரை பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றார்கள். தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று, வேலை முடிந்த இரவுகளில் பெரியவர்களுக்குக் கற்பித்தார்கள். வகுப்பறையை எட்டாத பெரியவர்களைத் தேடிப் போன மாவட்டத்தால், வகுப்பறையிலிருந்து விலகிப்போகும் பிள்ளையையும் தேடிப் போக முடியும்.

இன்று மாலை உங்கள் பிள்ளை உங்களைப் பார்க்க வார்டுக்கு வந்தால், நோயைப் பற்றிப் பேசுமுன், ‘இன்று பள்ளியில் என்ன நடத்தினார்கள்?’ என்று கேளுங்கள். ‘போகவில்லை’ என்பது விடையானால், வார்டுச் செவிலியரிடம் அதை அன்றே தெரிவியுங்கள்.